சிறைக்கப்பலில் ஓர் அம்மா

"இன்னும் எவ்வளவு நேரம் துரை? என் பிள்ளையை மேலே கூப்பிடுங்க!"

அமெரிக்க விடுதலைப் போரின்போது நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயரின் சிறைக்கப்பல். அதன் மேல்தளத்தில், கையில் ஒரு கம்பளிக் கோட்டுடன் நின்றாள் தெபோராள். கைதிக்குக் கைதி மாற்று என்று பேச்சு முடிந்து, வெள்ளைக்கொடி கட்டிய படகில் கனெக்டிகட்டிலிருந்து வந்திருந்தாள்.

"என்ன அவசரம் கிழவி? ராஜாவை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினவன்தானே? மெதுவா வரட்டும்" என்றான் காவல் அதிகாரி.

"அந்தத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்த்தளத்தை நோக்கிக் கத்தினான்.

"ஆசகேல்! எவன்டா ஆசகேல்? மேலே வா!"

கீழே ஏதோ முணுமுணுப்பு. பிறகு எலும்பும் தோலுமாக ஓர் இளைஞன் ஏணியைப் பிடித்துத் தள்ளாடியபடி ஏறி வந்தான். அவளைக் கண்டதும் திகைத்து நின்றுவிட்டான்.

தெபோராள் அவனையே பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"பாவிப் பயலே, இப்படியாடா வந்து நிப்பே?"

கையிலிருந்த கோட்டை அவனுக்குப் போட்டுவிட்டாள்.

"கோட்டுக் கை மணிக்கட்டுக்கு எட்டலையே?" என்றான் அதிகாரி.

"போன வருஷம் தைச்சது. உங்க புழுத்த ரொட்டியைத் தின்னும் வளர்ந்திருக்கான் பாருங்க!"

"சரி, 'ராஜா வாழ்க'ன்னு சொல்லிட்டுப் போகச் சொல்லு. இல்லேன்னா திரும்பக் கீழேதான்."

இளைஞன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"சொல்ல மாட்டான் துரை. கீழேயே அனுப்புங்க. நாங்க பிடிச்சு வெச்சிருக்கிற உங்க சார்ஜெண்டும் எங்க ஊர்லயே இருக்கட்டும். மாடு நல்லா மேய்க்கிறார். அவரை அனுப்ப எங்களுக்கும் மனசில்லே."

சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அதிகாரியின் முகம் அவன் சிவப்புச் சட்டையைவிடச் சிவந்தது.

"தொலைஞ்சு போங்க!"

படகு நகர்ந்தது. அவள் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அம்மா... நான் வந்து..."

"பேசாதே. இன்னும் நம்மளைத்தான் பார்த்துட்டிருக்காங்க."

கப்பல் கண்ணுக்குச் சிறுத்துப் போனது. அதன் பிறகுதான் தெபோராளின் தலை நிமிர்வு குலைந்தது.

"நீ யார் பெத்த பிள்ளை தம்பி? என் ஆசகேல் எப்போ செத்தான்?"