இருபத்து மூன்றாவது கோடு

மலாக்காவில் மழை விட்ட மத்தியானம். தொடங்கி எட்டே மாதமான பேட்டரிப் பட்டறைக்குள் ஆசிட் வாடை கனத்துக் கிடக்கிறது. மேசைமேல், கடைகளுக்கு விற்கவென்று பாக்கியசாமியும் வீரப்பனும் சேர்ந்து செய்த புது பேட்டரியில் ஒரு டார்ச் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. ருஷ்யாக்காரன் வானத்தில் செயற்கைச் சந்திரனை விட்ட சேதி வந்த அன்று வீரப்பன் பொருத்திய பல்பு. “அவன் பேட்டரியவிட ஒரு நாளு கூட நிக்கட்டும்லா, நம்மளுதும் மேல போவும்” என்று சிரித்துக்கொண்டே சுவரில் சாக்பீஸால், நாளுக்கு ஒன்றென்று, முதல் கோட்டை இழுத்தவன், இப்போது தடுப்புக்காவலில் இருக்கிறான். அந்தச் சந்திரனின் பேட்டரி இருபத்திரண்டு நாளில் தீர்ந்து சத்தம் அடங்கிவிட்டதாக ரேடியோ சொல்கிறது. பாக்கியசாமி இருபத்து மூன்றாவது கோட்டைப் போடக் கையைத் தூக்குகிறார். வாசலில் நனைந்த குடையோடு வீரப்பன் மனைவி ராமாத்தாள் வந்து நிற்கிறாள்.

“இன்னும் எரியுதாண்ணே?”

“எரியுதும்மா.”

தூக்கிய கை அப்படியே நிற்கிறது. பெர்மிட் இல்லாமல் எஸ்டேட்டுக்கு ஒரு பேட்டரியை அனுப்பியது பாக்கியசாமிதான். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கா போனது, யார் அனுப்பியது என்று போலீஸ் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, இதே கைதான் வீரப்பனைக் காட்டியது.

“நேத்து அவரப் பாத்தேன். கோட்ட நீங்களே போடணுமாம். பாக்கியசாமி அண்ணன் கணக்குல பொய் இருக்காதுன்னாரு. போடுங்கண்ணே.”

சாக்பீஸ் அவர் விரல்களுக்குள் பொடிகிறது. பல்பு கொஞ்சமும் மங்காமல் அவர் முகத்தில் எரிகிறது.