பூட்டுப் போட்டுப் போன சொல்

சொல்லப் போவது அத்தனையும் நிஜம். ஏறிய படகின் முன்முனையை, அணியத்தை, தொட்டுச் சத்தியம் செய்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு வலையில் தொட்டால் அரிக்கிற சொறிமீன்தான் விழும்.

அவன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

நடுக்கடல். உச்சி வெயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

அவளிடம் சொல்ல அவனிடம் ஒரு சொல் இருந்தது.

கல்யாணமான புதிதிலிருந்தே இருந்தது. வீட்டில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வீடு ஒரே அறை. அதில் அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள், அப்புறம் பிள்ளைகள் இருந்தார்கள். அதுவுமில்லாமல், கரையில் நிற்கும்போது அந்தச் சொல் வாய்க்கு வராது. கலங்கரை விளக்கம் கண்ணுக்கு மறைய வேண்டும். மறைந்ததும் தானே வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடுமோ என்று பயந்தான். வாயை மூடியே வைத்திருந்ததால் பிடிக்கவில்லை.

கடலிலிருந்து பேச வயர்லெஸ் இருந்தது.

இருந்தது என்றுதான் பெயர். வயர்லெஸ்ஸில் ஒருவன் பேசினால் கடலிலிருக்கிற அத்தனை படகும் கேட்கும். கரையில், மீனவர் சங்கத்துக் கட்டடத்தில், வயர்லெஸ் செட்டைச் சுற்றி நிற்கிற அத்தனை பெண்களும் கேட்பார்கள்.

ஒருமுறை, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டான்.

"சாப்ட்டேங்க," என்றாள் அவள்.

"நாங்களும் சாப்ட்டோம் மாப்ளே," என்று அவளுடைய அண்ணன் கலியமூர்த்தி தன் படகிலிருந்து சொன்னான். "கெளுத்திக் கொழம்பு."

அடுத்த படகும் சாப்பிட்டதைச் சொன்னது. அதற்கடுத்த படகும் சொன்னது. கடைசிப் படகு சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து, முதல் படகுக்கு மறுபடியும் பசித்துவிட்டது.

அதிலிருந்து அவன் அவளிடம் ஐஸைப் பற்றி மட்டும் பேசினான்.

"ஐஸ் கரையுது," என்பான்.

"சரிங்க," என்பாள்.

ஐஸ் கரைந்தால் திரும்பி வந்தாக வேண்டும். அவளுக்கு அது தெரியும். அந்த ஒரு செய்தியைக் கேட்பதற்குத்தான் அவ்வளவு நேரம் வரிசையில் நின்றிருப்பாள்.

இப்படியே வருஷங்கள் போயின. அதற்குப் பிறகுதான் அரசாங்கத் திட்டத்தில் சாட்டிலைட் போன் பெட்டி வந்தது. படகுக்கு ஒன்று, இலவசம். பொருத்த வந்த அதிகாரி அம்மாள் பொறுமையாக விளக்கினார். இதில் பேசுகிற பேச்சு பூட்டுப் போட்டுக்கொண்டு செயற்கைக்கோள் வரைக்கும் மேலே போகும். பூட்டோடு கீழே இறங்கும். வீட்டுக்காரம்மா போனில்தான் திறக்கும். எதிரி நாடு தலைகீழாக நின்றாலும் ஒட்டுக் கேட்க முடியாது.

"எதிரி நாடு கெடக்கட்டும் மேடம். எங்க மச்சான் கலியமூர்த்தி?"

"அவராலயும் முடியாது."

"நீங்க அவரப் பாத்ததில்ல."

"யாரா இருந்தாலும் முடியாதுங்க."

ஆகவே அன்று, கலங்கரை விளக்கம் மறைந்து வெகுதூரம் வந்த பிறகு, அவன் எஞ்சினை அணைத்தான். ஆட்களை ஐஸ் அறைக்குள் இறக்கி மூடியைச் சாத்தினான்.

"குளுருதுண்ணே."

"செத்த பொறுங்கடா."

அவள் போனை எடுத்தாள்.

சொன்னான்.

என்ன சொல் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

சொல் மேலே போனது. புயல் எச்சரிக்கையும் மீன் விலையும் சுமந்துதான் அந்தச் செயற்கைக்கோளுக்குப் பழக்கம். இவ்வளவு கனம் அதற்குப் புதிது. ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. அந்நேரம் டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த அம்மாள், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லும்போது காரணமில்லாமல் சிரித்தார். தாழ்வும் வெட்கப்பட்டுக் கலைந்து போனது.

பதில் வரவில்லை.

மேலே போய்க் கீழே வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

காத்திருந்தான்.

படகு அலையில் ஏறி இறங்கியது. ஐஸ் அறை மூடியை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். தூரத்தில் கலியமூர்த்தியின் படகு நின்றது. அவன் தன் வயர்லெஸ்ஸைக் காதில் வைப்பதும், எடுத்துக் குலுக்குவதும், மறுபடி காதில் வைப்பதும் இங்கிருந்தே தெரிந்தது.

அப்புறம் அவள் மூச்சு கேட்டது.

எத்தனையோ வருஷம் வயர்லெஸ்ஸில் பேசியிருக்கிறாள். அந்த இரைச்சலில் அவள் மூச்சு ஒருநாளும் கேட்டதில்லை.

"யாரும் கேக்கலையா?"

"இல்ல."

"எங்கண்ணன்?"

"கேக்கல."

மறுபடி மூச்சு. அவ்வளவு உயரம் ஏறி, அவ்வளவு உயரம் இறங்கி, அவன் காதுக்கு வந்தது.

"அப்ப இன்னொரு வாட்டி சொல்லேன்."

அந்தப் பெட்டி எங்கள் கரைக்கு வந்தது, ஐஸ் கரைகிற செய்தியை மட்டுமே என்னிடம் கேட்டிருந்த என் மனைவி இறந்த மறு வருஷம்.