தறிச் சத்தம்

தறி ஓடிக்கொண்டிருந்தபோதே அம்சவேணி பின்வாசல் வழியாக நழுவினாள்.

ஓடியது தறி அல்ல, அதன்மேல் கிடந்த பழைய செல்போன். அவள் நெய்தபோது பதிவு செய்த சத்தம், ஸ்பீக்கரில் எதிர்வீடு வரை கேட்கும்.

முன்னறைக் கட்டிலில் மாமனார் திருஞானசம்பந்தம். முழங்காலில் கட்டு. கைத்தறியை மிதிக்கும் குழியில் காலை இறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யம்மா, காலையில இருந்து கரன்ட் இல்ல. பாத்துக்க" என்று சற்று முன் குரல் கொடுத்திருந்தார். ஓலை விசிறியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

பெண்களுக்கான இலவச கோடிங் பயிற்சி பற்றி அவள் சொன்ன அன்றே அவர் மறுத்துவிட்டார். "சத்தம் நின்னா எதிர்வீட்டு சீனிவாசன் தறியக் கழட்டிக்கினு போயிடுவான். அவன் தறிம்மா. அப்பால சோத்துக்கு இன்னா பண்றது?"

அவருக்குச் சொல்லாமலே மதிய வகுப்பில் சேர்ந்துவிட்டாள். மதியம் விடுவதை விடியற்காலையில் நெய்து ஈடுகட்டினாள். ஆனாலும் அவருக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

வகுப்பில் அன்று தேர்வு. தேறாதவர்கள் அன்றோடு நின்றுவிட வேண்டும்.

"கரன்ட் இல்ல, கம்ப்யூட்டரெல்லாம் இன்வெர்ட்டர்லதான் ஓடுது. சீக்கிரம் முடிங்கப்பா" என்றாள் பயிற்சியாளர் தேவிப்ரியா.

அம்சவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. செல்போனுக்குக் காலையில் சார்ஜே ஏறவில்லை. இந்நேரம் அணைந்திருக்கும்.

அருகில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி நிக்கத்தின் போனை வாங்கிக்கொண்டு வெளியே ஓடி, பக்கத்து வீட்டு சம்பூர்ணத்தை அழைத்தாள்.

"அக்கா, எங்க வீட்டுல தறி சத்தம் கேக்குதா?"

"கேக்குதே! நீயே ஓட்டிக்கினு என்னைக் கேக்குறியாடி?"

"சும்மாதாங்க்கா."

பழைய போனாக இருந்தாலும் தாங்குகிறதே என்று உள்ளே போய் உட்கார்ந்தாள். நிதானமாக எல்லாக் கேள்விக்கும் எழுதினாள். தேறியும்விட்டாள்.

வீடு திரும்பியபோதும் சத்தம் நிற்கவில்லை. பின்வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தாள்.

செல்போன் இருண்டு கிடந்தது.

தறியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால் குழிக்குள் இருந்தது. சட்டை முழுக்க வியர்வை.

"மாமா..."

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு, காலை இரு கைகளாலும் தூக்கி வெளியே வைத்தார். பல்லைக் கடித்து வலியை விழுங்கினார்.

"நாளையில இருந்து செல்லுக்கு ஒழுங்கா சார்ஜ் போட்டுட்டுப் போம்மா."