முந்நூறு ரவைக் கோதுகள்

அந்த ஒரு வெற்று ரவைக் கோதை மற்றவற்றோடு சேர்த்துப் போட்டுவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப் போட்டியில் அது ஞானேந்திரனின் துவக்குக்குள் போகும். அதற்குப் பிறகு நடப்பதற்குத் தனுஷா பொறுப்பில்லை.

கோதின் ஒடுங்கிய கழுத்துக்குள் இரண்டு ஸ்டீல் ஊசிகள் ஒன்றையொன்று நெருக்கி இறுகி நின்றன. வெளியே பித்தளை பொன்னாக மின்னியது. லைற்றுக்கு நேரே பிடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

"இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டபடி ஞானேந்திரன் பேஸ்மென்ற் படிகளில் இறங்கி வந்தான்.

கையை மூடிக்கொண்டு, "முந்நூறையும் ஒவ்வொண்டா லைற்றிலை பிடிச்சுப் பாக்கவேணும். கழுத்திலை ஊசி சிக்குது" என்றாள் அவனுடைய மனைவி.

சுட்டு முடிந்த கோதுகளைப் பொறுக்கிவந்து, துப்புரவாக்கி, திரும்பவும் வெடிமருந்தும் ரவையும் ஏற்றிச் சுடுவது அவனுடைய பொழுதுபோக்கு. துப்புரவாக்குவது மட்டும் ஆறு வருடமாக அவளுடைய வேலை. வால்நட் கோதை அரைத்த தூளோடு மெசினில் போட்டு இரண்டு மணி நேரம் உருட்டுவாள். அழுக்குப் போனதும், மினுக்கம் வர மணி உதிர்த்த சோளச் சக்கையின் குறுணியில் ஒரு தரம்.

போன கிழமை கிளப்பில் வலன்ரைன் என்று ஒருவன் கொண்டுவந்த கோதுகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தனவாம். அன்றோடு வால்நட் தூள் இந்த வீட்டில் தள்ளுபடி. ஒரு வாளி நிறைய ஸ்டீல் ஊசி வந்து இறங்கியது. தண்ணீரும் சவர்க்காரமும் விட்டு அந்த ஊசிகளோடு உருட்ட வேண்டும்.

"ஊசி போட்டால் உள்ளுக்கும் வெளிக்குதுதான். ஆனா இந்தச் சைஸ் கோதுக்கு வால்நட் தூள்தான் நல்லம். மினுக்கம் குறைஞ்சாலும் ஒண்டும் சிக்காது" என்றாள் தனுஷா.

"உன்னட்டை ஆர் கேட்டது?" மூலையில் மிச்சமிருந்த வால்நட் பையைத் தூக்கி அவளுடைய காலடியில் கவிழ்த்தான். தூள் கிளம்பி அவளுக்கு இருமல் வந்தது. "பிள்ளை பாக்கிற கார்டரியிலை குஞ்சுகளோடை பிரெஞ்சு கதைக்கிறதெண்டு சொல்லி, எனக்குப் படிப்பிக்க வாறியோ? கூட்டி அள்ளு. ஒரு ஊசி உள்ளுக்குக் கிடந்தாலும் சுடேக்கை என்ரை முகத்துக்குத்தான் வரும். பேந்து உனக்கு இருக்கு."

அவன் வெறுமனே வெருட்டுகிறவன் அல்ல. போன மாதம் கறிக்கு உப்புக் கூடியதற்கு, சாப்பாட்டு மேசையில் வைத்தே துவக்கை அவளுடைய நெற்றிக்கு நேரே பிடித்தான். உள்ளே ஒன்றும் இல்லை, பகிடிக்குத்தான் என்று பிறகு சிரித்தான். தனுஷாவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அவள் குனிந்து தூளைக் கூட்டி அள்ளினாள். கோது இன்னும் இடக்கைக்குள் இருந்தது. துடைத்து அடுக்கிய தட்டு ஒரு முழத் தூரத்தில். ஞானேந்திரன் முதுகைக் காட்டிக்கொண்டு, மினுங்கிய கோதுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இடக்கை அந்தத் தட்டு வரைக்கும் போனது. ஊசி பறந்து, பக்கத்தில் நின்று சுடுகிற யாரோ ஒருவரின் கண்ணில் பாய்ந்தால்? அந்த ஆளுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.

கையை இழுத்துக்கொண்டாள். மெல்லிய கம்பியொன்றை விட்டு நெம்ப, இரண்டு ஊசிகளும் டக்கென்று மேசையில் விழுந்தன.

"இதுக்கை ரெண்டு நிண்டது. எடுத்திட்டன்."

"அதுக்கு மெடல் குத்தவோ?" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

அப்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்து, "பொன்ஜூர்" என்றாள். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்தினாள்.

"உங்கடை துவக்கு லைசன்ஸ் ஒஃபிஸிலை இருந்து."

ஞானேந்திரன் இரண்டே எட்டில் அவளை ஒட்டி வந்து நின்றான். லைசன்ஸைப் புதுப்பிக்கிற போமில் மனைவியின் பெயரும் போன் நம்பரும் கேட்டிருந்தார்கள். அவனே நிரப்பி அனுப்பியவன்தான்.

"சும்மா பேருக்குக் கேப்பினம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "ஸ்பீக்கரிலை போடு. கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு மட்டும் சொல்லு. ஒரு சொல்லுக் கூடக் கதைச்சியெண்டால் தெரியும்."

தனுஷா ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் கடகடவென்று பிரெஞ்சில் பேசினாள். மொன்றியலுக்கு வந்து பதினெட்டு வருடத்தில் ஞானேந்திரன் கற்றுக்கொண்ட பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி', ஓமென்பதற்கு 'வீ', இந்த மூன்றும்தான்.

விண்ணப்பித்தவர் உங்கள் கணவர்தானா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வீ."

போமில் உள்ள புரோசார்ட் முகவரியில் இருவரும் ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள்?

"வீ," என்றாள் தனுஷா. குரல் பிசிறியது. ஞானேந்திரன் சரி என்பதுபோலத் தலையாட்டினான்.

அந்தப் பெண்ணின் அடுத்த கேள்வியில் பழைய வேகம் இல்லை. அவர் இப்போது உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறாரா, மதாம்?

"வீ."

அவருடைய கையில் துவக்கு இருப்பது உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?

ஞானேந்திரன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். அவன் சொல்லி வைத்தபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் தனுஷா பதில் சொன்னாள்.

"வீ."