படகில் ஒரு சிங்கம்

ஜொவிட்டாவிடம் இன்றைக்கே சம்மதம் வாங்கிவிடத் துடித்தான் லாய்ட். தேவாலயப் பங்குச் சாமியார் சொன்ன வரன், முதல் சந்திப்பு. அவளோ ஆழ்வார்பேட்டை காபிக் கடையில், பகடை உருட்டிக் கதை நடத்தும் ஒரு விளையாட்டில் அவனை உட்காரவைத்துவிட்டாள். கதை சொல்வது அவள். ஆடுகிறவர்கள் சட்டை போட்டுப் பேசும் விலங்குகளாக மாறிவிட வேண்டுமாம்.

“நான் சிங்கம்,” என்றான் லாய்ட், ஒரு வங்கிக் கிளை மேலாளருக்கு வேறென்ன பொருந்தும் என்ற தோரணையில்.

கூட ஆட வந்த ரொனால்ட் ஆமையானான். ஜொவிட்டாவின் தம்பியாக இருக்கும், காவலுக்கு வந்திருக்கிறான் என்று லாய்டுக்கு எரிச்சல்.

“படகு முழுகுது. ஒருத்தர் குதிச்சாதான் இன்னொருத்தர் பிழைக்கலாம். தண்ணில முதலை,” என்றாள் ஜொவிட்டா.

“ஆமை குதிக்கட்டும். நான் ராஜா, நாட்டுக்கு வேணும்.”

“சரிங்கண்ணே, நீங்க பத்திரமா போங்க,” என்று ரொனால்ட் குதித்தே விட்டான்.

லாய்டின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. “ஜெயிச்சாச்சுல்ல? தம்பியைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்க. நாம பேசணும்.”

“எனக்குத் தம்பியே கிடையாது. ஃபாதர் சொன்ன ரெண்டாவது வரன் இவர். தனித்தனியா பார்த்தா ரெண்டு பேருமே நல்லவங்களாத்தான் நடிப்பீங்க. அதான் சேர்த்து வரச் சொன்னேன்.” அவள் ரொனால்டைப் பார்த்துச் சிரித்தாள். “எனக்கு ஆமையைப் பிடிச்சிருக்கு.”

ரொனால்ட் சிரிக்கவில்லை. லாய்டையே வெறித்தான்.

“அப்போ நீங்க இவங்க அண்ணன் இல்லையா? முன்னாடியே சொல்லியிருந்தா உங்களைத் தள்ளிவிட்டிருப்பேனே.”