யாருடைய வேகம்?

கப்பலூர் பட்டறையின் மாடி அறையில், டிரம்ஸின் பித்தளைத் தட்டுகள் மாலை வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. ராக் குழுவைத் தொடங்கிய ஜூடு பாட்டின் பாதியில் கிட்டாரை நிறுத்திவிட்டு, போன வாரம் சேர்ந்த டிரம்மர் ஐரினைத் திரும்பிப் பார்க்கிறார். “ஏம்மா இம்புட்டு வேகமா அடிக்கிற?” அவள் குச்சிகளை மடியில் இறக்குகிறாள். “நான் வேகத்தக் கூட்டலைண்ணே. நீங்கதான் பிந்துறீங்க.” ஆரம்பத்திலிருந்தே கூட வாசிக்கும் இம்மானுவேலை ஜூடு பார்க்கிறார். அவரோ சுருதி கலையாத பேஸ் கிட்டாரின் தந்தியை முறுக்கிக்கொண்டு குனிந்தே இருக்கிறார். இவன் ஏன் அவளை மறுத்துப் பேசவில்லை? விரல்கள்தான் பிந்துகின்றனவோ என்று ஜூடு தன் இடது கையை மடக்கி நீட்டுகிறார். வலி ஒன்றும் இல்லை. “சரி, ஒண்ணு ரெண்டுன்னு நீயே எண்ணி ஆரம்பி” என்கிறார். ஐரின் குச்சிகளை உயர்த்துகிறாள். இவ்வளவு நேரம் நிச்சயமாகத் தெரிந்த வேகம் இப்போது அவளுக்குப் பிடிபடவில்லை.