தடித்த விரலுக்கு ஏற்ற மிக்ஸர்

ஒலிக்கருவிக் கடையின் கண்ணாடி மேசைமேல், கடைக்காரர் ஓடவிட்ட பாட்டுக்கு ஏற்ப, நான்கு சேனல் மிக்ஸர் பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டுகிறது. கல்யாணங்களில் பாட்டுப் போடும் டீஜே சொக்கிப்போய் நிற்கிறார். "எத்தனை குமிழ் பாத்தியா?" என்கிறார் மனைவியிடம். அவள் பின்னாலிருந்து அவர் கண்களைப் பொத்துகிறாள். விளக்கணைத்த மண்டபத்தில் இப்படித்தானே இருக்கும். "பொண்ணோட அப்பா பேச எழுந்துட்டாரு. பாட்டைக் குறைங்க," என்கிறாள். போன கல்யாணத்தில் இந்த இடத்தில்தான் பாட்டு அலறி, பாவம், அந்த மனிதர் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே மனிதரின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம்; இந்தத் தடவையும் சொதப்பினால் மூன்றாவது பெண்ணின் கல்யாணத்துக்கு வேறு ஆள்தான். தடித்த விரல் தடவித் தடவிப் போய் இரண்டு குமிழ்களை ஒருசேரத் திருகுகிறது. கடையே அதிர்கிறது. அலமாரியிலிருந்து ஒரு ஹெட்போன் தொப்பென்று விழுகிறது. "அழகாத்தான் இருக்கு, நம்ம விரலுக்கு ஆகாதுங்க," என்று அவள் அவரை ஓரத்திலிருக்கும் இரண்டு சேனல் மிக்ஸர் பக்கம் நகர்த்துகிறாள். அதில் குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே விரல் காலை நீட்டிப் படுக்கலாம். கண்கள் இன்னும் அவள் கைக்குள்தான். விரல் தேடுகிறது, நிற்கிறது, திருகுகிறது. பாட்டு மெல்லத் தணிந்து அடங்குகிறது. கடைக்காரர் காதிலிருந்து கையை எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்," என்கிறார்.